பொட்டலக் காகிதத்தில் வந்த படகோட்டி

பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தவர்களுக்குத் தெரியும், சரக்கை நிறுத்துப் போடுவது பெரிய வேலையில்லை, காகிதத்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை.

கருவாடு

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அப்புறம் படித்ததெல்லாம் அப்பா அட்டன் டவுன் கடையிலிருந்து உப்பு, மிளகாய் கட்டி வந்த காகிதம்தான். அதில் ஒரு தொடர்கதை. வெள்ளத்தில் அடித்துப்போன படகோட்டி ஒருவன் ஆளில்லாத திட்டில் தனியாகக் கிடப்பான். ஊர் திரும்பினானா என்று தெரிந்துகொள்ளத்தான் பின்னால் அதே கடையில் வேலைக்குச் சேர்ந்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

கடையில் மற்ற எல்லோரும் இந்தியாவிலிருந்து வந்த ஒரே ஊர்க்காரர்கள். கூடிச் சாப்பிடுவார்கள், எனக்கு அரிசி மூட்டைதான் இடம். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் போனால் அங்கே நான் டவுன்காரன். ஆகவே படகோட்டியையே துணையாக்கிக்கொண்டு, பழைய பேப்பர்க் கட்டில் அவன் வந்த தாள்களைத் தேடி ஒதுக்கி வைத்தேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி அவற்றை எடுத்துக் கருவாடு மடித்துக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அவரை நான் மன்னிக்கவில்லை. கேட்டதற்குச் சொன்னார்: "தோட்டக்காட்டானுக்குக் கருவாடு போதும்லே, கத என்னத்துக்கு?"

தனிப் பேச்சு

பயம் வந்தால் படகோட்டி தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொண்டு வேலை பார்ப்பான். நானும் பழகிக்கொண்டேன். "கலங்காதே, இன்றைக்குப் பொழுது போய்விடும்" என்று சொல்லிக்கொண்டே பருப்பு நிறுப்பேன். உண்மையிலேயே மனசு லேசாகும். ஆனால் சம்பள ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் அதைப் புரிந்துகொள்வார்கள்? ஒரு கங்காணி தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் கலங்கலப்பா, நீ முள்ளப் பாத்து நிறு."

பஸ்

ஒருநாள் படிக்காத தாளில் மிளகாய்த்தூள் மடித்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் படகின் படம் கண்ணில் பட்டது. பஸ் நிறுத்தம்வரை ஓடி, காகிதத்தை மட்டும் கொடுங்கள், வேறு தாள் தருகிறேன் என்று கெஞ்சினேன். வாங்கியவர் சன்னல் வழியாகக் கேட்டார்: "தூள துண்டுல கொட்டிக்கிட்டு, அதுலயே மூஞ்சியும் தொடைக்கவா?"

சுவர்

கடைசித் தாள் மட்டும் கிடைக்கவேயில்லை. என் மடியில் இருந்த தாளைப் பார்த்த சாமான் வாங்க வந்த டயகமத் தோட்டத்துப் பக்கத்து அக்கா ஒருவர், இதே துடுப்புக்காரன் தங்கள் வீட்டுச் சுவரிலும் இருப்பதாகச் சொன்னார். நம் லயங்களில் குளிருக்குச் சுவரில் பேப்பர் ஒட்டுவது தெரிந்ததுதானே. லீவு கேட்டு, அண்ணாச்சியிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனேன். இருந்தது. தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது, படகோட்டி எழுந்து நிற்கிறான், கீழே "மறுபக்கம் பார்க்க" என்று போட்டிருந்தது. மறுபக்கம் கோதுமை மாவுப் பசையில் சுவரோடு சுவராக இருந்தது.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிழிச்சா புள்ளைங்களுக்குக் குளிரும் தம்பி. ஒங்க ஆளு இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பாரு, நீங்களும் போங்க."

இத்தனை வருசம் எனக்குத் துணைக்கு இருந்தவன் கரையேறினானா என்பது அந்தச் சுவருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.