ஏரி வரலாற்றில் நான் எடுத்த பத்தி

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் அவருடைய கடைசி ஆண்டுகளில் அவரோடு பேசவில்லை. இன்று படையலுக்கு வந்திருக்கிறீர்கள், வருக. பந்தியில் உட்காரும் முன் இதையும் படித்துவிடுங்கள்.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், நம் ஊரில்தான். ஏரி நிரம்பினால் நெல், இல்லையென்றால் மல்லாட்டைக் கடலை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். பள்ளி விட்டதும் மல்லாட்டை பிடுங்கப் போய், தாமும் படித்து என்னையும் படிக்க வைத்தவர் அண்ணன். நில அளவைத் துறையில் வேலை கிடைத்து, மாவட்டம் முழுக்கச் சங்கிலியோடு நடந்தார். அளக்கப் போன இடத்தில் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. பிழைக்கத் தெரியாத மனிதர் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். பௌர்ணமிக்கு மலை சுற்றும்போதும், அடி அண்ணாமலை வந்ததும் நின்றுவிடுவார். "கணக்குப்படி இங்க பாதை இன்னும் அகலம்டா. ரெண்டு பக்கமும் தின்னுட்டானுங்க" என்பார். சாமி கும்பிட வந்த இடத்திலும் அவருக்கு அளவுதான். திருவண்ணாமலையில் எனக்கு அச்சகம் வைத்துக் கொடுத்தவரும் அவரே.

ஓய்வு பெற்ற ஆண்டில் கரைமேட்டுத் தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அந்தத் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நாம் மெனக்கெட்டதில்லை. பந்தக்கால் நடும் குழியில், ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்த ஒரு கூடை மண்ணைக் கொட்டினார்கள். எதற்கு என்று அண்ணன் கேட்டிருக்கிறார். பெண்ணின் பெரியம்மா கெங்கம்மா சொன்னார்: "எங்க பெரியவங்க வெட்டிப் போட்ட மண்ணுங்க. அவங்களும் கல்யாணத்துக்கு வரணும் இல்லீங்களா?"

வேறு யாராயிருந்தாலும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். அண்ணன் பழைய நிலப் பதிவேடுகளைத் தேடிப் போனார். அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் அந்த வரியைக் கண்டுபிடித்தார். கரைமேட்டு நிலம், ஏரி வெட்டிய தெலுங்கு மண்வேலைக்காரர்களுக்கு விட்ட மானியம். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் மகன் பிறந்த அன்றுதான் நான் பார்த்திருந்தேன்.

அடுத்து நம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. விழா மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொல்லி அண்ணனைக் கேட்டார்கள். எழுதினார். மலர் என் அச்சகத்தில்தான் தயாரானது. விழாக் குழுத் தலைவரான நம் சித்தப்பா ஒரு காலையில் வந்து, ஏரி வெட்டியவர்களைப் பற்றிய பத்தியின் மேல் விரலை வைத்தார்.

"இத்த எடுத்துரு."

"அண்ணன் ஆதாரத்தோட எழுதியிருக்காரு சித்தப்பா."

"ஆதாரம் இருந்தா? இப்ப இத்த அச்சு போட்டா, நாளைக்கு ஏரி ரொம்பி கோடி போகும்போது முதல் தேங்காய் ஒடைக்கிற உரிமை எங்களுதுன்னு வந்து நிப்பாங்க. உன் பொண்ணு கல்யாணம் வருதில்ல? சபையில நாங்க நிக்கணுமா வேணாமா?"

எடுத்தேன். எடுத்ததோடு நிற்கவில்லை. அந்த இடத்தில் 'நம் முன்னோர் வெட்டிய ஏரி' என்று நானே தட்டச்சு செய்தேன். கட்டுரைக்குக் கீழே அண்ணன் பெயரையும் அப்படியே விட்டேன்.

மலரைப் புரட்டிப் பார்த்த அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தினி காப்பிடா அடிச்ச?"

"ஆயிரம்ணா."

"ஆயிரம் பொய். என் பேர்ல."

அவர் என்னை அடித்திருக்கலாம். என் மகள் கல்யாணம் நன்றாகவே நடந்தது. சித்தப்பா சபையில் முன்னால் நின்றார். அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த ஐப்பசியில் மழை ஜாஸ்தி. ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வழிந்து கோடி போனது. கோடியில் படையல் போட்டு ஊரே நின்றது. கரைமேட்டார் வழக்கம்போல் தள்ளி நின்றார்கள். சித்தப்பா தேங்காயை ஓங்கியபோது அண்ணன் முன்னால் வந்தார்.

"முதல் தேங்காய கெங்கம்மா வூட்டுக்காரங்க ஒடைக்கட்டும். வெட்டுனது அவங்க."

தேங்காய் உடைந்தது, சித்தப்பா கையில்தான். அண்ணன் ஒருவராகக் கரைமேல் நடந்து வீட்டுக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை. படையல் சோற்றை இலை நிறைய வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் பத்திரிகை வைப்பது நின்றது. ஊரை விட்டுத் தள்ளியதாக யாரும் அறிவிக்கவில்லை. அந்த அளவுக்கு நாம் புத்திசாலிகள். அவர் படுக்கையில் கிடந்த எட்டு மாதத்தில் உங்களில் எத்தனை பேர் அந்த வாசற்படி மிதித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவரை எடுத்த அன்று பங்காளிகள் வேப்பமர நிழலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாடையை நானும் அண்ணன் மகனும் முன்னால் பிடித்தோம். பின்னால் தோள் கொடுத்தவர்கள் கரைமேட்டார் இருவர். குழியில் எல்லோரும் மண் தள்ளி முடித்ததும் கெங்கம்மாவின் மகன் ஒரு கூடையோடு வந்தார். கரை மண்.

"அவருக்கும் இருக்கட்டுங்க" என்றார்.

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ஊசி போட வீடு தேடி வந்த நர்சம்மாவுக்கும், தோள் கொடுத்த கரைமேட்டுத் தெருவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாலையை ஆள் மூலம் அனுப்பி வைத்த சித்தப்பாவுக்கும் நன்றி. மாலை பெரிதாகவே இருந்தது.

கோயில் மலருக்காக அண்ணன் எழுதி, நான் எடுத்த பத்தி இதுதான்:

"நம் ஊர் ஏரியை வெட்டியவர்கள் கரைமேட்டுத் தெருவினரின் முன்னோர்கள். அதற்காக அவர்களுக்கு விடப்பட்ட மானியம் பழைய பதிவேட்டில் இருக்கிறது. நாம் அந்தத் தண்ணீரை நம்பிப் பின்னால் வந்து குடியேறியவர்கள். ஏரி நிரம்பும் நாளில் முதல் தேங்காய் அவர்களுக்கு உரியது."

இதுவும் நம் அச்சகத்தில்தான் அண்ணா. ஆயிரம் பிரதி. ஒரு சொல்லும் எடுக்கவில்லை.

— தம்பி