தாய்க்கையை எடுத்த நாள்

1. சூடு

முனிராஜின் இடது கெண்டைக்காலில் கையை வைத்தேன். பேண்ட் துணிக்கு மேலேயே சூடு தெரிந்தது. வலது காலைத் தொட்டுப் பார்த்தேன். அது சாதாரணமாக இருந்தது. மறுபடி இடது காலைத் தொட்டேன். சூடு மட்டுமில்லை, வலது காலைவிடப் பருத்தும் இருந்தது. முந்தின நாள் இதே நேரத்துக்கு, இதே இடத்தை, என் இரண்டு கட்டைவிரலாலும் நன்றாக அழுத்தி, "போப்பா, சரியாயிடும்" என்று அனுப்பியிருந்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம், "ஜெசிந்தாக்கா, உங்க கையில என்னமோ இருக்கு" என்பார்கள். ஒரு மண்ணும் இல்லை. என்னமோ இருப்பதாக நானும் ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பால் ஓர் ஆள் சாகக் கிடந்தான். அதைத்தான் எழுதுகிறேன்.

2. சும்மா இருக்கிற கை

சூளகிரி பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வெல்னஸ் ரூம் என்று ஓர் அறை உண்டு. அங்கே நான் ஷியாட்சு கொடுக்கிறேன். ஜப்பான்காரர்களின் முறை. எண்ணெய் கிடையாது, துணி கழற்றுவது கிடையாது. தரையில் மெத்தை விரித்து ஆளைப் படுக்கவைத்து, விரலாலும் உள்ளங்கையாலும் அழுத்துவது. மசாஜ் என்றதும் சில பேருக்கு உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். என்னிடம் அந்தச் சிரிப்பைக் காட்டியவர்கள் இரண்டாம் தடவை காட்டியதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதற்கு முன்பு பதினொரு வருஷம் வேறொரு கம்பெனியில் வயரிங் லைனில் நின்றேன். கிளிப் மாட்டி மாட்டி மணிக்கட்டு போய்விட்டது. ஓசூரில் குடியிருந்த ஒரு ஜப்பான் எஞ்சினியரின் மனைவி, மிச்சிகோ அம்மா, வீட்டிலேயே ஷியாட்சு செய்கிறார் என்று கேள்விப்பட்டு, கையைக் காட்டப் போனேன். மணிக்கட்டு தேறியது. அப்படியே தொழிலையும் கற்றுக்கொண்டேன்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முதல் பாடம் அழுத்துவது இல்லை, சும்மா இருப்பது. ஆள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார வேண்டும். நம் மூச்சு முதலில் அடங்க வேண்டும். பிறகு ஒரு கையை அவர் உடம்பில் வைத்து அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்குப் பெயர் தாய்க்கை. அது அசையாது. இன்னொரு கைதான் ஓடி ஓடி வேலை செய்யும். "சரி பண்ணப் போகாதே, முதலில் அங்கே இரு" என்பார். ஜென் தியானத்தில் இருந்து வந்த பழக்கமாம். அசையாத கைக்குத்தான் உடம்பு பேசுமாம்.

எனக்கு இது பிடிபடவே பல மாதம் ஆயிற்று. லைனில் வேலை பார்த்தவளுக்கு எப்படிப் பிடிபடும்? ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "உங்க லெஃப்ட் ஹேண்ட் சும்மா இருக்கு பாருங்க" என்று எழுதிக்கொண்டு போவார்களே, அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். சும்மா இருக்கிற கை அங்கே குற்றம்.

வெல்னஸ் ரூம் ஆரம்பித்தபோது ஆளுக்கு அரை மணி. கூட்டம் சேர்ந்ததும் ஹெச்.ஆர். சதீஷ் சார் வந்தார்.

"மேடம், ஆளுக்குப் பத்து நிமிஷம்னு வச்சுக்கலாம். நெறைய பேர் கவர் ஆவாங்கல்ல?"

நான் மல்லுக்கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. எனக்குள் இருந்த லைன்காரி சந்தோஷமாகத் தலையாட்டினாள். பத்து நிமிஷத்தில் எப்படி முடிப்பது என்று கணக்குப் போட்டதில் முதலில் வெட்டுப்பட்டது தாய்க்கைதான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் பாதி நேரம் மிச்சம். வந்தவர்களும் "சூப்பர்க்கா, செம ஃபாஸ்ட்டு" என்றார்கள். நானும் பூரித்துப்போனேன்.

3. அன்றைக்கு நான் சொல்லாதது

முனிராஜ் பக்கத்தில் பேரிகை என்கிற ஊர்க்காரன். முப்பத்து நாலு வயது, பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. காண்ட்ராக்ட் ஆள், இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. அறுவடைக்கு ஊருக்குப் போனதாகச் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் கழித்து அப்போதுதான் திரும்பியிருந்தான். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பக்கத்து மெஷின்காரனோடு கன்னடம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

முதல் நாள் வந்தவன், "கெண்டக்கால் புடிச்சு இழுக்குதுக்கா. நின்னுக்கினே இருக்கம் இல்ல, அதான்" என்றான். நான் வேறொன்றும் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழுத்தினேன். "இப்ப தேவலக்கா" என்று போனான்.

மறுநாள் பதினொரு மணிக்கு மறுபடி வந்தான். மூச்சு வாங்கியது.

"என்னாப்பா, ஓடி வந்தியா?"

"இல்லக்கா. படி ஏறுனேன், அவ்ளோதான். இழுத்து மூச்சு வுட்டா இங்க குத்துது" என்று விலாவைக் காட்டினான்.

அப்போதுதான் நான் அவசரத்தை விட்டு, பழைய பாடப்படி உட்கார்ந்து கையை வைத்தேன். மிச்சிகோ அம்மா பரீட்சையில் எழுதவைத்த கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் என்ன செய்வாய்? தொட மாட்டேன், டாக்டரிடம் அனுப்புவேன். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அழுத்தினால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம். முழு மார்க் வாங்கின பதில்.

கையை எடுத்துவிட்டேன். ஐயோ ஜெசிந்தா, என்ன காரியம் பண்ணிவிட்டாய்!

"முனிராஜ், எழுந்திரிக்காத. காலை அசைக்காத. அப்படியே படு."

போனில் சதீஷ் சாரைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் கேட்டேன்.

"கால் வலிக்கு ஆம்புலன்ஸா? இன்னைக்குன்னு பாத்து ஆடிட்டு வேற. ஸ்ப்ரே அடிச்சு லைனுக்கு அனுப்புங்க மேடம். நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல சார். அதனாலதான் டாக்டர்கிட்ட அனுப்புங்கன்றேன். இவன் என் ரூமை விட்டு ஒரு அடி நடந்தா நான் கேட்டுல போய் உக்காந்து கத்துவேன். ஆடிட்டருங்க வந்து கேக்கட்டும்."

பத்து நிமிஷத்தில் கம்பெனி ஆம்புலன்ஸ் வந்தது. இவ்வளவு வாய் பேசினேனே, நேற்று அழுத்தியது நான்தான் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

4. ஓசூர் ரோடு

ஹைவேயில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வண்டியில் வந்த அட்டெண்டர் ஆக்சிஜன் மாட்டினார். முனிராஜின் உதடு வெளுத்திருந்தது. மூச்சு மேல்மேலாக ஓடியது. என் கையைத் தேடினான்.

"அக்கா, கைய வைங்க. பயங்கா உந்தி."

பயமாக இருக்கிறது என்று வீட்டுப் பாஷையில் சொன்னான். எனக்கோ அவனைத் தொடவே பயம். இந்தக் கைதானே என்று இரண்டையும் மடியில் இறுக்கி வைத்திருந்தேன். இன்னொரு தடவை தொட்டு, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? கால் கீழே இருக்கிறது, நெஞ்சு மேலே இருக்கிறது, வெறுமனே கை வைத்தால் ஒன்றும் ஆகாது என்று புத்திக்குத் தெரிகிறது. கை போகமாட்டேன் என்கிறது.

"அக்கா..." என்றான் மறுபடி.

மாதாவே என்று வலது கையை அவன் தோளில் வைத்தேன். அழுத்தவில்லை, தடவவில்லை. என் மூச்சே தாறுமாறாக இருந்தது, அதை முதலில் பிடித்து நிறுத்தினேன். அப்புறம் கையை அப்படியே விட்டேன். லாரி ஹாரன் அடித்தது, டிரைவர் கன்னடத்தில் யாரையோ திட்டினார். கை அசையவில்லை. எத்தனை நிமிஷம் என்று தெரியாது. அவன் விழி என் முகத்திலேயே இருந்தது. மெல்ல மெல்ல அவன் தோள் இறங்கியது. மூச்சு இன்னும் வேகம்தான், ஆனால் அந்தப் பதற்றம் கொஞ்சம் குறைந்தது.

என் கை அவனைக் குணப்படுத்தியது என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். உயிரைப் பிடித்து வைத்தது ஆக்சிஜனும் ஊசி மருந்தும். கை செய்தது ஒன்றுதான். அந்த வண்டிக்குள் அவன் தனியாகப் பயப்படவில்லை, அவ்வளவே. அது சின்ன விஷயம் இல்லை என்று இப்போது தெரியும்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். காலைப் பார்த்தவுடன் முகம் மாறியது.

"இந்தக் காலை யாராச்சும் உருவி விட்டீங்களா?"

யாரும் இல்லை என்று சொன்னால் முடிந்தது. சாட்சி கிடையாது. என் வேலை, என் பெயர், எல்லாம் பத்திரம். முனிராஜ் கண்ணை மூடிக் கிடந்தான்.

"நான்தான் டாக்டர். நேத்து, இதே நேரம். ரெண்டு கட்டைவிரலாலயும் அழுத்துனேன்."

அவர் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

முனிராஜின் மனைவி மஞ்சுளா பேரிகையிலிருந்து ஓடி வந்த பிறகுதான் மிச்சக் கதை தெரிந்தது. அவன் அறுவடைக்குப் போகவே இல்லை. பைக்கில் விழுந்து இடது காலுக்கு மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கட்டுக்குள் அசையாமல் கிடந்த காலில் ரத்தம் கட்டுவது உண்டு என்றார் டாக்டர். ஸ்கேனில் காலில் ஒரு ரத்தக்கட்டி தெரிந்தது. அதிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருந்தது.

"நான் அழுத்தினதாலயா டாக்டர்?"

"இருக்கலாம். தானாவும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதும்மா."

ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இன்றுவரை இரண்டும் இல்லை.

5. கைதட்டல்

மூன்றாம் நாள் அவன் அபாயத்தைத் தாண்டினான். அந்த வாரமே காலை மீட்டிங்கில் சதீஷ் சார் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். "ஜெசிந்தா மேடம் மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"தட்டாதீங்க. அதுக்கு முந்தின நாள் அந்தக் காலை அழுத்தி அனுப்பினதும் நான்தான்."

தட்டின கைகள் அப்படியே நின்றன. சதீஷ் சார் முகம் சுண்டிப்போனது. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ரூமை ஒரு மாதம் பூட்டினார்கள். திறந்தபோது ஆளுக்கு மறுபடி அரை மணி. கூடவே ஒரு ஃபாரம். சமீபத்தில் அடிபட்டதா, ஆபரேஷன் நடந்ததா, கட்டுப் போட்டீர்களா என்று பதினைந்து கேள்வி, கடைசியில் கையெழுத்து. "இனிமே பிரச்சினையே வராது மேடம்" என்றார் சதீஷ் சார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சில மாதம் கழித்து முனிராஜ் வேலைக்குத் திரும்பினான். ரூம் வாசலில் வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். அன்றைக்கு அழுத்தியது தப்பு, கேட்காமல் அழுத்தியது அதைவிடத் தப்பு, என்னை மன்னித்துவிடு என்றேன்.

"தெரியும்க்கா. நீங்க டாக்டர்கிட்ட சொன்னப்போ கண்ணுதான் மூடியிருந்துச்சு, காது கேட்டுக்கினுதான் இருந்துச்சு. மஞ்சுளாவுக்குத்தான் இன்னும் கோவம். இங்க போவவே கூடாதுன்னு சொல்லியிருக்கறா."

"அவ கோவம் நியாயம்ப்பா."

மேஜை மேல் ஃபாரம் கட்டு இருந்தது. அதைக் காட்டி, என் மனசு ஆறட்டும் என்றுதான் கேட்டேன்.

"அன்னைக்கே நான் இதையெல்லாம் கேட்டிருந்தா, மாவுக்கட்டு போட்டத சொல்லியிருப்ப இல்ல?"

அவன் ஃபாரத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தான். திரும்ப வைத்தான்.

"மாட்டேன்க்கா."

"ஏம்ப்பா?"

"காண்ட்ராக்ட் ஆளுக்கா நானு. கால் உடைஞ்சுதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே கார்டைப் புடுங்கிக்கினு அனுப்பிடுவாங்க. எல்லாத்துக்கும் இல்லன்னுதான் எழுதியிருப்பேன்."

புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். மெத்தையில் வந்து படுக்கிறவர் உங்களைவிடப் பயந்துபோயிருக்கலாம். பயந்தவர் வாயால் பொய் சொல்வார், அது அவர் குற்றம் இல்லை. ஃபாரத்தை வாங்கி வையுங்கள், படியுங்கள், ஆனால் அதை நம்பி அழுத்தாதீர்கள். முதலில் ஒரு கையை வைத்துவிட்டுக் காத்திருங்கள். நேரம் ஆகிறது என்று வெளியே யார் கத்தினாலும் கத்தட்டும்.