உச்சிக்குக் கீழே கழற்றிய பெனியன்

ரஞ்சினி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி கடைத் தொலைபேசியில் வந்தபோது, வாடகைக்குப் போய் ஈரமாகத் திரும்பிய பனிக் காற்சட்டைகளை நான் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். மூளையில் இரத்தக் கசிவு என்றார் அவருடைய கணவர். அக்காவுக்கு முப்பத்தொரு வயது.

ஸ்ட்ரெதமில் எங்கள் மலையுடுப்புக் கடைக்கு வந்தவர்களுக்கு அவருடைய முதல் கேள்வி நினைவிருக்கும். "உங்களுக்கு முதல்ல குளிருறது கையோ, காலோ?" பதிலைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆவல்.

பள்ளியை இடையில் விட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த எனக்கு யாருடனும் பேச வராது. அக்கா என்னைப் பேசச் சொல்லவில்லை. பக்கத்து மீன்கடையின் குளிரறைக்குள் கூட்டிப்போனார். ஒரு கையில் நனைத்த கம்பளிக் கையுறை, மற்றதில் நனைத்த பருத்திக் கையுறை. எந்தக் கை முதலில் விறைக்கும் என்று பார்க்க மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்றோம்.

கடைக்கார அண்ணை கதவைத் திறந்தார். "பிள்ளையள், வெளியில வாங்கோ. ஆரும் உங்களையும் நிறுக்கச் சொல்லப்போயினம்."

"பொறுங்கோ அண்ணை, பருத்தி இப்பதான் தோக்குது" என்றார் அக்கா.

போன மாசியில் அவரும் கணவரும் கடை நண்பர்கள் இருவரும் ஸ்கொட்லாந்துக்குப் போனபோது என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் இல்லாத மலை. பனிச்சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டி நடந்தே ஏறவேண்டும். முன்பு இருமுறை மூடுபனியால் திரும்பிய அக்காவுக்கு, இம்முறை உச்சியில் நின்றே ஆகவேண்டும்.

ஏறுமுன் எல்லோரையும் ஒரு சட்டை கழற்ற வைத்தார். "வெளிக்கிடேக்கை கொஞ்சம் குளிரவேணும். வேர்த்தால் பிறகு அந்த வேர்வைதான் விறைக்கப்பண்ணும்."

உச்சிக்குச் சற்றுக் கீழே தேநீருக்கு நின்றோம். என் முதுகில் ஏதோ பனிக்கட்டிபோல ஒட்டியது. போத்தல் மூடியை விரல்களால் திருக முடியவில்லை. அதை அக்கா கண்டார்.

"குளிருதோ உமக்கு?"

"இல்லை அக்கா."

"இல்லையெண்டு சொல்லவே உம்மட சொண்டு ஏலாமல் கிடக்கு. உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறீர்?"

"பருத்தி பெனியன். நெஞ்சில சளி பிடிக்குமெண்டு அம்மா போடச் சொன்னவ."

"அம்மாவை இறங்கினாப் பிறகு சமாளிப்பம். இப்ப கழட்டும்."

ஆண்கள் திரும்பி நின்றார்கள். ஒரு விரிப்பை மறைப்பாகப் பிடித்தபடி, அக்கா தன் பையிலிருந்த உலர்ந்த கம்பளிச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டு, என் கைகளைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னை நண்பர்கள் இறக்கிவிடுவார்கள், அக்கா உச்சிக்குப் போய் வரட்டும் என்றார் அவருடைய கணவர். அக்கா தன் பலகையைக் கீழ்நோக்கித் திருப்பினார்.

"உச்சி இமிகிரேசன் கியூ மாதிரி. எப்ப போனாலும் அங்கதான் நிக்கும்."

கீழே வந்ததும், "நீங்கள் காணாமல் விட்டிருந்தால்?" என்று கேட்டேன்.

"நான் காணுவன் எண்டு நீர் இருக்கேலாது. குளிருது எண்டு ஒராள் சொன்னால்தான் எல்லாரும் நிப்பினம். அப்ப பாத்தால் மற்றவைக்கும் விறைச்சிருக்கும்."

அந்த உச்சிக்கு அவர் பிறகு போகவேயில்லை.

தகனசாலையில் எங்கள் முறைக்காக வெளியே காத்து நின்றோம். மெல்லிய கறுப்புக் கோட்டுகளுக்குள் காற்று ஏறியது. எவரும் அசையவில்லை. அக்காவின் கணவர் தனியே, சுவரைப் பார்த்தபடி நின்றார். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு சொல்தான். அவரருகே போய் அதைச் சொன்னேன்.

"எனக்குக் குளிருது, அண்ணை."

அவர் திரும்பிப் பார்த்தார். "எனக்கும்" என்றார்.