அவள் தராத பின்பாதி

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "கதையவே கெடுத்துட்டானுங்க!" சுங்கைப் பட்டாணித் திரையரங்கில் முன்வரிசைக்காரர்கள் இருவர் திரும்பி முறைத்தார்கள். முறைக்கட்டும். அந்த மர்மக்கதை எழுத்தாளரின் புத்தகங்களை வரி விடாமல் படித்தவள் நான். இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் படமாக்குகிறார்கள், ஒவ்வொன்றிலும் எதையாவது மாற்றித் தொலைக்கிறார்கள். முதல் படத்தில் துப்பறிகிறவருக்குத் தேவையே இல்லாமல் ஒரு காதலியைக் கொடுத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். இரண்டாவதில் மலையில் நடந்த கொலையைக் கடற்கரைக்கு இறக்கினார்கள், போகட்டும் என்று விட்டேன். ஆனால் இந்தக் கதையில் முடிவிலேயே கை வைத்துவிட்டார்கள். தங்கமான கணவனைக் கொலைகாரனாக்கிவிட்டார்கள்.

பக்கத்தில் என் நாத்தனார் சோளப்பொரியை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

"விடுங்கண்ணி. படம்தானே லா," என்றாள்.

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே வர மனமில்லை. முட்டி வலி என்றாள், மழை வரும் என்றாள். நான்தான் விடாப்பிடியாக லூனாசிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்தப் புத்தகம் நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தது. அவள் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

எனக்கு நாத்தனார் ஆவதற்கு முன்பே அவள் என் தோழி. லூனாசுக்குப் பக்கத்தில் ஒரே தோட்டம், அடுத்தடுத்த லயத்து வீடு. கூலிமில் ஒரே எலெக்ட்ரானிக் தொழிற்சாலை, போக வர ஒரே பேருந்து. மாதா மாதம் அவள் சுங்கைப் பட்டாணிக்குப் போய்ப் புது நாவலை வாங்கி வருவாள். வாங்கியதும் அதன் முதுகைப் பிளந்து இரண்டாக்கிவிடுவோம். முன்பாதியை அவள் முடித்ததும் என்னிடம் தருவாள், அவள் பின்பாதியைப் பிடித்துக்கொள்வாள். பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஆளுக்கொரு பாதியோடு உட்கார்ந்திருப்போம். பார்த்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்றார்கள். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான்: முடிவை வாயால் சொல்லக் கூடாது. மூச்சு விட்டால்கூட மறு மாதம் புத்தகம் கிடையாது.

இந்தக் கதை வந்த மாதம்தான் அவள் அண்ணனுக்கு என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாக இருப்பார், பேச்சும் அளவாக இருக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் செர்டாங்கிலிருந்து வேலைக்கு வந்த ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமையானால் அவருடைய மோட்டார் சைக்கிள் அங்கே ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது என்று என் காதில் போட்டுவிட்டாள். நேராகத் தோழியிடமே கேட்டேன்.

"அது எங்க பெரியம்மா வீடு லா. அண்ணன் அப்படிப்பட்ட ஆளா? நீ வேற," என்று சிரித்தாள்.

நம்பினேன். பாதி நம்பினேன்.

அந்த நாவலில் ஒரு பெண், கணவனின் சட்டைப் பையில் தெரியாத வீட்டுச் சாவி ஒன்றைக் கண்டெடுக்கிறாள். வாரம் ஒரு நாள் அவன் எங்கோ போய் வருகிறான். அவள் பின்தொடர்ந்து போய், அந்த வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கிறாள். அங்கே முன்பாதி முடிந்துவிட்டது. அந்தக் கடைசி வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். மறுநாள் காலை பேருந்தில் பின்பாதிக்குக் கை நீட்டினேன்.

"மழைல மாட்டிக்கிட்டேன்டி. மோட்டார் கூடையில வெச்சிருந்தேன், ஊறிக் கூழாப் போச்சு," என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, இந்த ஒரு தடவ வாயால சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தாள். கூலிம் வரும்வரை சொன்னாள். அந்த வீடு மனைவிக்காகக் கணவன் ரகசியமாக வாங்கியதாம். வாரா வாரம் போய்ச் சுவருக்கு அவளுக்குப் பிடித்த நிறத்தில் சாயம் அடித்துக்கொண்டிருந்தானாம். அங்கே நடந்த கொலையைச் செய்தது வீட்டுத் தரகராம். கடைசியில் அவள் கணவனின் தோளில் சாய்ந்து, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறாளாம். கேட்டு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்காகச் சட்டத்தை மீறினாளே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கதையை நம்பிக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்கத் தொழிற்சாலையில் வேலை செய்தபடி, பாவம், அந்தப் பெண் வீணாகச் சந்தேகப்பட்டாளே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே சரி என்று சொல்லி அனுப்பினேன். கல்யாணத்தன்றிலிருந்து அவள் என்னை 'டி' போடுவதை விட்டுவிட்டு, அண்ணி என்றும் நீங்க என்றும் கூப்பிட ஆரம்பித்தாள்.

செர்டாங்கில் பெரியம்மா யாரும் இல்லை. ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். அதைத் தெரிந்துகொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆனது. தெரிந்ததும் அவர் அந்த வீட்டுக்கே போய்விட்டார். அப்போது மாமியார் முதற்கொண்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க, என் பக்கம் நின்று அண்ணனைக் கிழித்து எறிந்தவள் இவள் ஒருத்திதான். அந்த வீட்டில் எனக்கு மிஞ்சியதும் இவள் ஒருத்திதான்.

படம் பார்த்து வந்த மறுநாளும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கைப்பேசியில் எங்கள் வாசகர் குழு ஒன்று உண்டு. அதில் இயக்குநரை நார் நாராகக் கிழித்து நீளமாக எழுதினேன். கணவன் நிரபராதி, தரகர்தான் கொலைகாரன், மூலக்கதையை ஒழுங்காகப் படித்துவிட்டுப் படம் எடுக்கட்டும் என்று முடித்தேன். சிறிது நேரத்தில் ஒருவர், "அக்கா, நீங்க வேற கதையச் சொல்றீங்க. படத்துல அப்படியே தானே எடுத்திருக்காங்க?" என்று கேட்டு, தன்னிடமிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டார்.

பெரிதாக்கிப் பார்த்துப் படித்தேன். அந்த வீட்டில் கணவன் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தியிருக்கிறான். அவளைக் கொன்றவனும் அவனே. தரகர் என்று ஓர் ஆளே கதையில் இல்லை. சமையலறையில் நின்றபடி மூன்று முறை படித்தேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியை அவள் முன்னால் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்க்கவில்லை.

"தெரியும்ண்ணி. தியேட்டர்லயே நெனச்சேன், இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வருவீங்கன்னு."

எழுந்து உள்ளே போனாள். பிறப்புப் பத்திரமெல்லாம் வைக்கும் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து, அடியிலிருந்து அதை எடுத்தாள். பின்பாதி. தாள் பழுத்திருந்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட அடையாளம்கூட இல்லை.

"இதப் படிச்சா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன். அண்ணன் கதை எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்னு அம்மா சொன்னுச்சு. நீங்க எங்க வீட்டுக்கு வரணும்னு எனக்கும் ஆசை. தூக்கிப் போடவும் மனசு வரல."

"உங்கண்ணன் எங்கிட்ட எத்தனையோ பொய் சொன்னாரு," என்றேன். "சொவத்துக்குச் சாயம் அடிக்கற மாதிரி ஒண்ணு, அவருக்குக்கூட சொல்லத் தெரியல."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிந்தது. புருஷன் ஏமாற்றியதை ஊரே பேசியது, நானும் பேசிப் பேசி ஆற்றிக்கொண்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? இப்படி ஒன்று நடந்தால் நான் ஓடிப்போய்ச் சொல்லும் ஆளே அவள்தான்.

"அண்ணி..."

"அப்படிக் கூப்பிடாதே. அப்படிக் கூப்பிடறதுக்குத்தானே அவ்வளவு பொய்யும் சொன்னே."

பின்பாதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முன்பாதி என்னிடம் இல்லை, தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வீடு மாறியபோதே போட்டுவிட்டேன்.

போன மாதம் அதே எழுத்தாளரின் இன்னொரு கதை படமாக வந்தது. தனியாகத்தான் போனேன். கொலைகாரன் யாரென்று இடைவேளைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். பழைய சட்டம் ஞாபகம் வந்து, சொல்லிவிடாமல் இருக்க வாயை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். அந்த நாற்காலியில் என் கைப்பை இருந்தது.