லைட் டயரும் ஒற்றை ஆளும்

டயர் விற்கிறவனிடம் யாரும் சந்தோஷமாக வந்து பேசியதாகச் சரித்திரம் இல்லை. ஒழுங்காக உருண்டுகொண்டிருக்கும்வரை அப்படி ஒரு பொருள் சைக்கிளில் இருப்பதே ஓட்டுகிற ஆளுக்கு ஞாபகம் இருக்காது. காற்று இறங்கினால்தான் நம் ஞாபகம் வரும். பல்பொடி, பேனா, பிளேடு என்று எதையாவது பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்லப்போவது எல்லாம் உங்களுக்கும் நடந்ததாகவே இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் கம்பெனி ஒன்று என்னை நெய்வேலிக்கு அனுப்பியது. வழக்கமான கனத்த டயருக்குப் பதிலாக, ரப்பரைக் குறைத்து மெல்லிசாக, 'லைட்' என்ற பெயரில் ஒரு சைக்கிள் டயர் போட்டிருந்தார்கள். பலதரப்பட்ட ஆட்களுக்கு ஆளுக்கொரு ஜோடி சும்மா கொடுத்து, ஓட்டச் சொல்லி, வாராவாரம் போய் "எப்படி இருக்கு?" என்று கேட்டு மெட்ராஸுக்குச் சொல்ல வேண்டும். இதுதான் என் உத்தியோகம். ஊரே சைக்கிளில் போகிற ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் நகரியத்துக்குள் வழுவழுவென்று தார் ரோடு, அதைத் தாண்டினால் செம்மண், சரளை, கருவேல முள். டயரைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

"டயர் அங்க பிடிச்சுதுன்னா அங்கேயே ஒரு டிப்போ போடறோம், நீதான் இன்சார்ஜ், குடும்பத்தைக் கூட்டிக்கலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். என் மனைவி செண்பகமும் கைக்குழந்தையும் கோவில்பட்டியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். நான் நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் ஒண்டிக்கட்டை. ஆக, என் குடும்பம் மொத்தமும் அந்த மெல்லிசு டயர் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

எரியாத லைட்

போன புதிதில் ஒரு சைக்கிள் கடை வாசலில் டயரை மாலை மாதிரி தொங்கவிட்டு, 'லைட் டயர் வந்துவிட்டது' என்று அட்டை எழுதி வைத்தேன். அந்தக் காலத்தில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ்காரர் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். ஷிஃப்டுக்குப் போகிற ஊரில் அது பெரிய தலைவலி. தூக்குச்சட்டியோடு வந்த ஒருவர் டயரை அமுக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், உள்பக்கம் கைவிட்டுத் துழாவினார். பிறகு, டைனமோவிலிருந்து வயரை இதில் எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. லைட் என்றால் இங்கே வெளிச்சம் இல்லை, எடை குறைவு என்று பொருள், மிதிக்க லேசாக இருக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்போ ராத்திரியில எரியாதா? பெறவு எதுக்கு சார் லைட்டுன்னு பேரு வெச்சீங்க?"

எந்த பிளாக்?

வெளியூர்க்காரர்கள் சந்தித்தால் 'உங்களுக்கு எந்த ஊர்' என்று கேட்பது உலக வழக்கம். நகரியத்தில் அது செல்லாது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதால், "எந்த பிளாக்? என்ன ஷிஃப்ட்?" என்பார்கள். இந்த ரெண்டையும் சொன்னால் போதும், நீங்கள் எப்போது தூங்குவீர்கள், எந்த மார்க்கெட்டில் காய் வாங்குவீர்கள், உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது வரை கேட்டவருக்கு விளங்கிவிடும்.

ஒரு நாள் காலை ஒரு குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினேன். டயர் வாங்கிக்கொண்ட ஆள் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார் என்று அவர் மனைவி ஜன்னல் வழியே கிசுகிசுத்தார். அந்தத் தெருவில் யாராவது ஒருத்தர் எப்போதும் தூங்கிக்கொண்டேதான் இருப்பார்கள். நானும் கிசுகிசுப்பாகவே பேசிப் பழகியிருந்தேன். எழுந்ததும் சொல்கிறேன், நீங்கள் எந்த பிளாக், என்ன ஷிஃப்ட் என்றார். எனக்கு பிளாக் கிடையாது, ஷிஃப்டும் கிடையாது என்றேன். அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டும் இல்லேன்னா உங்கள எங்க வந்துங்க தேடறது?"

சங்கு ஊதிய பிறகு

முதல் ஷிஃப்ட் விடுகிற நேரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிள் நிரம்பிவிடும். மணிச் சத்தம், டிபன் கேரியர் கடகடப்பு, ஒருத்தன் தோளில் ஒருத்தன் கைபோட்டபடி பக்கத்துப் பக்கத்தில் ஓட்டும் ஜோடிகள். நான் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, எங்கள் டயரின் மஞ்சள் கோடு எந்தச் சக்கரத்திலாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

உண்மையைச் சொல்கிறேன், அங்கே நிற்கவேண்டும் என்று கம்பெனி சொல்லவில்லை. அறையில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் அங்கே போவேன். அத்தனை பேரும் வீட்டுக்குப் போகிறார்கள், சோறு ஆறாமல் மூடி வைத்துக்கொண்டு அத்தனை வீட்டிலும் யாரோ காத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது வயிற்றெரிச்சலாகவும் இருக்கும், பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும் போலவும் இருக்கும். எங்கள் டயர் போட்டவர்களில் பாண்டியன் என்று ஒரு மதுரைக்காரர், சுரங்கத்தில் ஃபிட்டர். ஒரு நாள் கூட்டத்தோடு கூட்டமாகப் போகிற போக்கில் என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "டயரு ஜோரா ஓடுது சார், நீங்கதான் நின்னுக்கிட்டே இருக்கீங்க!"

அடிபட்ட பழம்

தனகோடி பண்ருட்டிப் பக்கத்து ஆள். சீசனில் கேரியரில் ரெண்டு பலாப்பழம், பார் கம்பியில் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கும் பழங்கள் என்று நகரியத்துக்குக் கொண்டுவந்து விற்பார். அவர் சைக்கிளுக்கு லைட் டயரைக் கொடுத்தது யார் புத்தி என்று கேட்காதீர்கள், என் புத்திதான். மார்க்கெட் வாசலில், என் கண் முன்னாலேயே, பின் டயர் பக்கவாட்டில் புடைத்து, வேட்டு வெடித்த மாதிரி வெடித்தது. பழங்கள் நாலு திசையிலும் உருண்டன.

அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவரோ வாய் பிளந்த ஒரு பழத்தைத் தூக்கி என் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, "அடிபட்டது விக்காதுங்க, நீங்க எடுத்துக்கினு போங்க" என்றார். அறைக்குக் கொண்டுபோனேன். கத்தி கிடையாது, கையில் தடவ எண்ணெய் கிடையாது. கீழே ஹோட்டலில் ரெண்டும் இரவல் வாங்கி வந்து அறுத்தேன். எத்தனை சுளைதான் ஒரு மனிதன் தின்பான்? யாருக்காவது கொடுக்கலாம் என்றால் அந்த ஊரில் பழம் கொண்டுபோய்க் கொடுக்கிற அளவுக்கு எனக்கு ஒரு வீடு பழக்கமில்லை. அறை முழுக்க வாசனை, அதன் பின்னாலேயே எறும்பு. அடுத்த வாரம் தனகோடியிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை, யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒத்த ஆளுக்குப் பலாப்பழம் ஆவாதுங்க. நீங்க வாழப்பழம் வாங்கித் துன்னுங்க."

மேட்டின் மேல்

சுரங்கத்திலிருந்து தோண்டிய மண்ணை வெளியே கொட்டிக் கொட்டி அது ஒரு குன்றாகவே வளர்ந்திருந்தது. அதன் உச்சியில் ஒரு தகரக் கொட்டகை. குழாயும் கேபிளும் களவுபோகாமல் பார்த்துக்கொள்ள கலியபெருமாள் என்கிற உள்ளூர்க்காரர், கான்ட்ராக்ட் வாட்ச்மேன். தினமும் அந்த மேட்டில் சைக்கிளை ஏற்றி இறக்குகிறவர் என்பதால் அவருக்கும் ஒரு ஜோடி கொடுத்திருந்தேன். நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாக்குத் தள்ள மேலே போய்ச் சேருவேன். அவர் தண்ணீர் கொடுப்பார். இரண்டு பேருமே பேச ஆள் இல்லாதவர்கள், ஆனால் கூடி உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. பெரும்பாலும் தூரத்தில் புகைக்கூண்டைப் பார்த்தபடி இருப்போம்.

உச்சி தட்டையாக இருக்கும், தாராளமாக ஓட்டலாம். ஆனால் ஓரிடம் வந்ததும் அவர் இறங்கிக்கொள்வார், தள்ளிக்கொண்டு கடந்து, மறுபடி ஏறிக்கொள்வார். முள் கிடக்கிறதா, டயருக்கு ஏதும் கோளாறா என்று ஒரு நாள் கேட்டேன். அதெல்லாம் இல்லை, இதற்குக் கீழேதான் எங்கள் தெரு இருந்தது, ஊரைக் காலி செய்த பிறகு அதன்மேல் மண்ணைக் கொட்டிவிட்டார்கள் என்றார். பிறகு டயரைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "இது லேசா இருக்கறது நல்லதுதாங்க. கீழ எங்க வூடு இருக்குது இல்ல?"

கோவில்பட்டியில் ஒரு பேச்சு

இது வாடிக்கையாளர் சொன்னதல்ல. ஆனாலும் இந்த வேலையின் கணக்கில்தான் சேரும். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மகள் நன்றாக நடக்கப் பழகி, மழலையாகப் பேசவும் தொடங்கியிருந்தாள். நான் வாங்கிப்போன ரப்பர் பந்தை வாங்கிக்கொண்டாள், பக்கத்தில் மட்டும் வரவில்லை. போகப்போகச் சரியாகிவிடும் என்று செண்பகம் சொன்னாள். அடுத்த நாள் நான் பாயில் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து, குழந்தை அவள் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள்: "இந்த மாமா எப்பம்மா போவாக?"

முதல் விருந்தாளி

திரும்பி வந்த வாரம் என் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். அந்த அறைக்கு வீட்டுக்காரரைத் தவிர ஆள் வந்ததே கிடையாது. திறந்தால் பாண்டியன், கழுத்தில் எங்கள் டயர், கண்ணில் கோபம். ஒரே வாரத்தில் மூன்று பஞ்சராம். சரளை ரோட்டில் டயர் தோல் உரிந்துவிட்டதாம். திட்டுவதற்கென்றே ஊரெல்லாம் விசாரித்து என்னைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். கீழே ஓடி இட்லி, வடை, காபி வாங்கி வந்தேன். அவர் திட்டத் திட்ட நான் சட்னி ஊற்றினேன். கோபம் மெல்ல இறங்கி, சுவரில் ஒட்டியிருந்த செண்பகத்தின் போட்டோவைப் பார்த்தார், விசாரித்தார். குழந்தை மாமா என்று சொன்னதை அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். டிப்போ விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிழைப்புக்காகக் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். எழுந்து போகும்போது பாண்டியன் டயரை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். "கம்ப்ளெய்ன்ட் பண்ண வந்தவனுக்கு டிபன் வாங்கிக் குடுக்கிற ஆள இப்பத்தான் சார் பாக்குறேன்."

மேனேஜர் வந்தார்

சோதனை முடியும் தறுவாயில் மேனேஜர் மெட்ராஸிலிருந்து காரில் வந்தார். ஓட்டியவர்களை எல்லாம் சைக்கிள் கடைக்கு வரச் சொன்னேன். நான் பக்கத்தில் இருந்தால் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று மேனேஜர் என்னை டீக்கடைக்கு அனுப்பிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, டயருக்காக எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். செண்பகத்துக்கு எந்த பிளாக் பக்கம் வீடு பிடித்தால் வசதி என்றுகூட யோசித்துவிட்டேன்.

கார் கிளம்பும்போது மேனேஜர் கண்ணாடியை இறக்கினார். டயர் பாஸ், டிப்போ உறுதி என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் மீதியையும் சொன்னார். "நீ அவங்களுக்கு என்ன செஞ்சேன்னு தெரியலை. டயரைப் பத்தி ஒருத்தன் குறை சொல்லலை. சாரை மாத்துங்க, சாரை மாத்துங்கன்னுதான் அத்தனை பேரும் ஒரே குரலா நிக்கறாங்க." டிப்போவுக்கு வேறு ஆள் வருவார், எனக்கு விஜயவாடா. கார் போய்விட்டது.

அன்று நான் பட்ட பாட்டை எதிரியும் படக்கூடாது. எனக்கு அந்த ஊரில் இருந்ததே அவர்கள் பேச்சு ஒன்றுதான். திட்டினாலும் பரவாயில்லை, நம்மோடு பேசுகிறார்களே என்று இருந்தவன். அதுகூட வேண்டாம் என்று சொல்லும்படி என்ன குற்றம் செய்தேன் என்று சாப்பிடாமல் கிடந்தேன். சாயந்தரம் பாண்டியன் வாயெல்லாம் பல்லாக வந்தார். மாத்தல் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். நகரியத்துக்காரர்களுக்கு மாத்தல் என்றால் சொந்த ஊருக்குப் போவது என்று ஒரே அர்த்தம்தான். குடும்பத்தைக் காரணம் காட்டினால் எந்தக் கம்பெனியும் கொடுக்காது, காரணமே சொல்லாமல் ஒற்றைக் கோரிக்கையாக நிற்கவேண்டும் என்று யூனியன் கணக்கில் எல்லாரையும் பேசி வைத்து நிறுத்தியவரே அவர்தான். எனக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று டயர் தோல் உரிந்ததைக்கூட மூச்சுவிடவில்லையாம்.

மறுநாள் மேனேஜருக்கு டிரங்க் கால் போட்டேன். ஆர்டர் போட்டாயிற்று, வருகிற ஆள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார் என்றார். நான் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். கலியபெருமாள் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். கோவில்பட்டிக்குத்தானே என்று பாண்டியன் கேட்டபோது, அவர் முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆமாம் என்றேன். பஸ் நகர ஆரம்பித்ததும் கூடவே நடந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புள்ள இனிமே அப்பான்னு கூப்பிடும் சார், நீங்க தைரியமாப் போங்க!"

ஆகாதவர்கள் கோள் மூட்டி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சேல்ஸ்மேன்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேண்டியவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து பாடுபட்டு அனுப்பிவைத்த ஆள், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.