கடுக்காய் கொடுத்த கல்

ஆம்பூரில் ஒரு தோல் மண்டியின் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் பார்த்து வாங்கி அடுக்குவது என் வேலை. வீட்டுக்கு வந்தால் கல் தேய்ப்பேன். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும், "பட்டை தீட்றியா?" என்றே கேட்டார்கள். பகலெல்லாம் பட்டையோடு மாரடித்துவிட்டு வீட்டிலும் அதுதானா என்பேன். உண்மையிலேயே நான் பட்டை தீட்டுகிறவன் இல்லை. அதற்குக் கைதேர்ந்த ஆட்கள் உண்டு. நான் எடுத்தது குமிழ். அடிப்பக்கம் தட்டை, மேலே வழவழவென்று ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். விற்றதும் இல்லை. சீட்டாடுகிறவனையும் புறா விடுகிறவனையும் விட்டுவிட்டு, என்னை மட்டும் கிறுக்கன் என்று தெரு சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பாலாற்றுக் கூழாங்கல்லில் ஆரம்பித்தேன். பிறகு மாதனூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது வெடி வைத்து எடுத்துப் போட்ட பாளங்கள் மேல் ஆசை வந்தது. செங்கல் கனத்துக்கு இருக்கும். கனமான பாளமாக இருந்தால் குமிழை வேண்டிய உயரத்துக்கு எடுக்கலாம். ஆனால் தேய்ப்பதற்குள் தோள் கழன்றுவிடும். ஓரத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் துண்டு பிரித்து, அரக்கை உருக்கி ஒரு குச்சி முனையில் அதை ஒட்டவேண்டும். முதலில் இரும்புத் தட்டின் மேல் குருந்தக்கல் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பு. அப்புறம் அரக்குச் சாணை. கடைசியில் தோல். தோலில் தேய்த்தால்தான் கல்லுக்கு மினுக்கு வரும். எங்கள் ஊரில் தோலுக்கா பஞ்சம்?

என் மனைவியிடம், பட்டை தீட்டாத பால் வெள்ளைக்கல் பதித்த கம்மல் ஒரு ஜோடி இருந்தது. அதில் தங்கத்தைவிடச் சண்டைதான் அதிகம். அவள் அம்மா சாகிற சமயத்தில் காதிலிருந்து கழற்றி மகள் கையில் வைத்துவிட்டாள். அது பேத்திக்கென்று, அதாவது தன் மகளுக்கென்று, மாமியார் முன்பே சொன்னது என்றாள் கலவை ஊரில் இருந்த அண்ணி. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அண்ணனை நினைத்து இவள் அடுப்படியில் அழுததை நான் பார்த்திருக்கிறேன். கண் எரிகிறது என்பாள்.

அந்தப் பேத்திக்குத்தான் கல்யாணம் வந்தது. நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதுவே போதுமென்று மனைவி புடவையை எடுத்து மடிப்பு நீவினாள். மறுநாள் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனவள், ஒரு கம்மலில் கல் இல்லாமல் திரும்பினாள். தங்கக் கிண்ணம் மட்டும் காதில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இருவரும் போய் மணலைச் சலித்தோம். பாலாற்றில் ஒரு வெள்ளைக் கல்லை எப்படித் தேடுவது? கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைக் கல்தான்.

"நான் போவல," என்றாள். "எடுத்துக்கினு போனதும் இல்லாம, காப்பாத்தவும் துப்பில்லன்னு அண்ணி சபையிலயே சொல்லுவா. அண்ணன் அப்பவும் பேசாம நிப்பான். அத என்னால பாக்க முடியாது."

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க ஒன்னு தேய்ச்சிக் குடுங்களேன்," என்றாள். என் கல்லைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னவள் இல்லை. எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

வெங்கச்சங்கல் பாளம் ஒன்று பால் நிறத்தில் வைத்திருந்தேன். அதில் ஒரு துண்டைப் பிரித்துத் தேய்த்தேன். மற்றக் கம்மலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உயரம் பார்த்துப் பார்த்துக் குறைத்தேன். கிண்ணத்தில் அளவாக உட்கார்ந்தது. மினுக்கு ஏற்றுவதுதான் பாக்கி. பழைய தோல் தேய்ந்து கிழிந்திருந்தது. கல்யாணமோ நெருங்கிவிட்டது. மண்டியில் கடுக்காய்த் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை ஈரத்தோடு கொண்டுவந்து, பலகையில் இழுத்து அடித்துத் தேய்த்தேன். கல் ஜொலித்தது. தோலைக் கழற்றி, அதிலேயே கல்லைச் சுற்றி வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பிரித்தால் கல்லுக்கு நடுவே கறுப்பாக ஒரு நூல் ஓடியிருந்தது.

மண்டியில் சுண்ணாம்புக் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் எனக்கு நெருங்கிய தோஸ்து. அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இரும்புத் தட்டுல தேய்ச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். "உள்ள மயிரிழை மாதிரி விரிசல் இருந்திருக்கு. இரும்பு அதுல பூந்துக்கிச்சு. நீ அது மேல கடுக்காய ஏத்தியிருக்கே. கல்லுக்குள்ள மை காய்ச்சியிருக்கே தோஸ்த்," என்று சிரித்தார். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுக்கும் என்பது எங்கள் மண்டியில் எல்லாருக்கும் தெரியும். இரும்பு வாளியோடு தொட்டிப் பக்கம் போனவர்களை விரட்டி அடித்தவனே நான்தான். வேறு ஊர்க்காரன் யாரும் ஈரக் கடுக்காய்த் தோலில் கல்லைத் தேய்க்கமாட்டான். அவனுக்கு அது கிடைக்கவும் கிடைக்காது.

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊறவைத்தேன். மேலே வெளுத்தது. உள்ளே ஓடிய நூல் அசையவில்லை. இன்னொன்று தேய்க்க நாள் இல்லை. தட்டான் அதையே பதித்துக் கொடுத்தார். "யாராவது கேட்டா எண்ணெய் எறங்கிக் கறுத்துப்போச்சின்னு சொல்லணும்," என்று மனைவி எனக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினாள். கலவை போய்ச் சேரும்வரை முடியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொண்டே வந்தாள்.

கல்யாண வீட்டில் அண்ணியின் பார்வை நேராகக் காதுக்குத்தான் போனது. கூடம் நிறையப் பெண்கள். "இன்னா, ஒன்னு கறுத்துப் போச்சே?" என்றாள்.

பாடத்தை ஒப்பிக்க நான் வாயெடுத்தேன். அதற்குள் மனைவி, "அது அம்மாவோடது இல்ல அண்ணி. அது ஆத்துல போச்சு. இது இவரு தேய்ச்சது," என்றுவிட்டாள். நான் பாடத்தை விழுங்கிக்கொண்டேன்.

அண்ணன் பந்தல் பக்கத்திலிருந்து வந்தார். தங்கையின் காது மடலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா கறை மாப்ளே இது?" என்றார்.

"கடுக்காய் மச்சான்," என்றேன்.

"எங்களுக்கே கடுக்காய் குடுக்கலாம்னு வந்தீங்களா?" என்றார்.

ஏமாற்ற வந்தவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. முதலில் கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அப்புறம் நான், கடைசியில் அண்ணியும் சிரித்தாள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் கை அவள் காதில் இருக்கும்போதே அழுதுவிட்டாள். இந்தத் தடவை கண் எரிகிறது என்று சொல்லவில்லை.

தாலி கட்டி முடிந்ததும், அம்மாவின் கல் இருந்த கம்மலைக் கழற்றி மணப்பெண் கையில் வைத்தாள். "ஒத்தைக் கம்மல வெச்சிக்கினு இன்னா பண்ணுவா?" என்றாள் அண்ணி. "மோதிரமாப் பண்ணிப் போட்டுக்கட்டும், பாட்டியோடது," என்றாள் இவள்.

திரும்பும்போது வண்டியில், பால் மாதிரி இரண்டு கல் தேய்த்துத் தருகிறேன், அந்தக் கறைக் கல்லை எறிந்துவிடலாம் என்றேன். "எறியறதாவது," என்று காதைக் கையால் மூடிக்கொண்டாள். "இதுக்கு ஜோடி தேய்ங்க. இதே மாதிரி கறுப்பு ஓடணும்."

தப்பாக வந்ததை வேண்டுமென்று வரவழைப்பது பெரும்பாடு. இரும்பும் என்னிடம் இருந்தது, கடுக்காயும் இருந்தது. ஆனால் எந்தக் கல்லுக்குள் எங்கே விரிசல் இருக்கிறதென்று யார் கண்டது? சிலது வெள்ளையாகவே நின்றது, சிலது முழுக்கக் கறுத்தது. ஒவ்வொன்றையும் கண்ணாடி முன்னால் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது இல்ல," என்று திருப்பிக் கொடுப்பாள். ஒரு கல் குறைந்ததற்காகக் கல்யாணத்துக்கே போகமாட்டேன் என்றவள், ஒரு காதில் என் கல்லும் மறு காதில் துளை தூர்ந்துவிடாமல் செருகிய வேப்பங்குச்சியுமாக ஆம்பூர்க் கடைத்தெருவில் நடந்தாள். முடியை இழுத்து மூடவில்லை.