ஸ்டேப்ளர் போட்ட பக்கங்கள்

போர்க்காலக் கிறிஸ்தவக் காதல் நாவல்கள் எனக்குப் பிடிக்காது. காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று, அந்தப் போரில் யாருக்கும் கால் போவதில்லை. கையில் ஒரு கட்டோடு அழகாகத் திரும்பி வருகிறார்கள். இரண்டு, குண்டு விழும்போதெல்லாம் கதாநாயகிக்குப் பொருத்தமான பைபிள் வசனம் ஞாபகம் வந்துவிடும். மூன்று, அவள் காத்திருப்பாள். நான்காவது காரணம், அவற்றை எனக்குக் கொடுத்தவர்.

அவர் எனக்கு மாமியாராக வர இருந்தவர். சேரப்பணஞ்சேரியில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. மகன் ராணுவத்தில், எல்லைப் பக்கம். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் ஒரு கட்டைப்பை நிறைய நாவல்களோடு வந்தார். எல்லாம் தமிழாக்கம். "பட்டாளத்தான் பொண்டாட்டி எப்பிடி இருக்கணும்னு இதுல கீது," என்றார். எப்படி இருக்க வேண்டும் என்பதை அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: கல்யாணத்துக்கு முன்பே நான் வேலையை விட வேண்டும். மகன் எல்லையில் இருக்கும்போது நான் அவர் வீட்டில் இருக்க வேண்டும்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரகடத்தில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. அளவு தப்பிய பாகத்தைக் கண்டால் லைனை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டு. அதற்காக சூப்பர்வைசர்களிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. வேலையை விடமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஓலை வாசிக்க ஆரம்பித்தாயிற்று, இனி வாயைத் திறக்காதே என்றாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். யாரும் சொன்னதாகக் கேள்வியில்லை. எங்களுக்கு இரண்டு முடிந்திருந்தது.

நாவல்களைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். எல்லாவற்றிலும் ஆங்காங்கே சில தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். அது சங்கத்து வழக்கம். சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்தக் கதைகளைச் சத்தமாக வாசிப்பார்கள். முத்தம் வரும் இடத்தைத் தலைவி முன்கூட்டியே மூடிவிடுவார். வாசிப்பவர் தாண்டிப் போக வேண்டும்.

ஒரு நாவலில் கதாநாயகி பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறாள். காதலன் உயிரோடு திரும்புகிறான். உடனே ஸ்டேப்ளர். அதைத் தாண்டினால் கடைசிப் பக்கம்: கல்யாணம் முடிந்து ஒரு திங்கட்கிழமை காலை அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்குகிறாள், அவன் கையசைக்கிறான். அவள் சர்ச்சுக்குப் போகிறாள் என்பது சங்கத்தின் விளக்கம். திங்கட்கிழமை என்ன சர்ச்? பஸ்ஸிலேயே ஹேர்பின்னால் அந்தக் கம்பியை நெம்பி எடுத்தேன்.

முத்தம் இரண்டு வரி. அதுவும் சுமார். அதற்கு அடுத்த பத்தியில் அவள் கேட்கிறாள்: கல்யாணம் ஆனாலும் நான் லேத்துக்குப் போவேன், சம்மதமா? அவன் சம்மதிக்கிறான். முத்தத்தை மூடப் போய் அதையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் கூட்டத்தில் வாசிக்கும் முறையை எனக்குக் கொடுத்தார்கள். மருமகளை நாலு பேருக்குக் காட்டவேண்டுமே. நான் அந்த நாவலைக் கொண்டுபோய் முத்தத்திலிருந்தே ஆரம்பித்தேன். கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இன்னாம்மா, அது மூடி வச்ச பக்கமாச்சே," என்றார் தலைவி.

"தொறந்துட்டேன் அத்தை. மீதியையும் கேளுங்க."

மீதியையும் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"அவ வெள்ளக்காரி," என்றார். "நீ என் வூட்டு மருமவ."

"நாளைக்கு ஓலை வாசிச்சாதான் அத்தை."

வெளியே வந்து அவர் மகனுக்கு போன் செய்தேன். கதையில் வந்த அதே கேள்வியைக் கேட்டேன். தன் அம்மா எத்தனை வருஷமாக அந்தப் புத்தகங்களைப் படிக்கிறார், அவருக்குத் தெரியாததா என்றார். மறுபடி கேட்டேன். "அம்மா சொல்றதக் கேட்டுக்கினு போயேன்," என்றார். நாவல் அட்டையில் நிற்கும் சிப்பாய்கள் இதைவிட நன்றாகப் பேசுவார்கள்.

நேராக எங்கள் சபை ஆயர் வீட்டுக்குப் போனேன். தடையைக் கல்யாணப் பெண்ணே சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லலாம், ஆனால் என்ன தடை என்று கேட்டார்.

"வேலை," என்றேன்.

மறுநாள் வேறு ஒரு ஜோடியின் ஓலையை மட்டும் வாசித்தார். நான் எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கட்டைப்பையை அன்றைக்கே திருப்பி அனுப்பினேன்.

அம்மா இன்னும் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகத் தவறுவதில்லை. ஒருநாள் காலை நான் ஷிப்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அந்தப் பக்கத்துக்கு இப்போ நாலு மூலைக்கும் ஸ்டேப்ளர் போட்டு வச்சிருக்காங்க. உனுக்கு சந்தோசம்தானே?"

சந்தோஷம்தான் என்றேன்.